கடனில் மூழ்கிய கால்பந்து கிளப் யாருடையது? ரசிகருக்குச் சட்டம் தரும் இடம்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் சாயங்கால டீக்கடையில் கால்பந்துப் பேச்சு இரண்டு திசையில் போகும். ஒன்று, நாடுகாணி வழியாக மலை இறங்கினால் வரும் நிலம்பூர், மஞ்சேரி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டங்கள். மற்றது இங்கிலாந்து லீக். 2025 அக்டோபரில் ஷெஃபீல்டு வெட்னெஸ்டே கிளப் கடனில் சிக்கி திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. முதலாளி போய்விட்டார், இனி கிளப் யாருக்கு? வருஷம் தவறாமல் டிக்கெட் வாங்கிய ரசிகருக்கா, கடன் கொடுத்தவருக்கா? இதே கேள்வியை நம்மூர் கிளப்பை வைத்துக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். இரண்டையும் பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தில் பெரிய கிளப்புகள் எல்லாம் கம்பெனிகள். கடன் கட்ட முடியாத கம்பெனிக்கு 1986-ம் ஆண்டு திவால் சட்டப்படி ஒரு நிர்வாகி வருவார். அவர் வந்ததும் கடன்காரர்கள், அதாவது கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள், வழக்குப் போட்டு நெருக்க முடியாது. அவருடைய கடமை முடிந்தால் கம்பெனியைக் காப்பாற்றுவது, இல்லையென்றால் கடன்காரர்களுக்கு முடிந்த அளவு பணம் திரட்டித் தருவது. ரசிகர்களின் மனசு அவருடைய கணக்கில் இல்லை. பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள இஎஃப்எல் லீக் தன் பங்குக்கு 12 புள்ளிகளை வெட்டும். கிளப்பை வாங்க வருகிறவர், அடமானம் இல்லாத சாதாரணக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸாவது தராவிட்டால் இன்னும் 15 புள்ளிகள் போகும்.

லீக் விதியில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுசாகத் தீர்க்க வேண்டும். சாப்பாடு போட்டவர், அச்சடித்துக் கொடுத்தவர் எல்லாம் மிச்சத்தில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். 2010-ல் போர்ட்ஸ்மத் கிளப் விழுந்தபோது, ஆட்டத்துக்கு முதலுதவி செய்ய வந்த ஆம்புலன்ஸ் தொண்டு நிறுவனமும் கடன்காரர் பட்டியலில் நின்றது.

ரசிகர்கள் அங்கே கிளப்பை எடுக்க முடியாதா? முடியும், ஆனால் விலை கொடுத்து. அதே போர்ட்ஸ்மத் 2012-ல் மறுபடியும் விழுந்தது. ரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு பங்கு எடுத்து, ஓர் அறக்கட்டளையாகச் சேர்ந்து 2013-ல் வாங்கினார்கள். பிறகு 2017-ல் அவர்களே வாக்கெடுப்பு நடத்தி, டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். நம் மலையில் பச்சைத் தேயிலை போடும் இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினருக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரியும்: பங்கு எடுத்தவருக்குத்தான் வாக்கு.

மைதானமும் கிளப்பும் ஒரே சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஷெஃபீல்டு வெட்னெஸ்டே விழுந்தபோது அதன் ஹில்ஸ்பரோ மைதானம் கிளப்பின் பெயரில் இல்லை. முதலாளியின் வேறொரு கம்பெனிக்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. டெர்பி கவுண்டி கிளப் விழுந்தபோதும் இதே சிக்கல்தான். கிளப்பை வாங்குகிறவர் மைதானத்துக்குத் தனியாகப் பேச வேண்டும்.

சரி, நம்மூருக்கு வருவோம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கும் ஒரு கிளப் கடனில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் பதிவுச் சான்று. ஊர் கிளப்புகள் பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானவை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். மாவட்டப் பதிவாளர்தான் சங்கப் பதிவாளர்.

சங்கத்துக்கு முதலாளி கிடையாது. பங்கு இல்லை, அதனால் விற்கவும் எதுவுமில்லை. "கிளப்பை எனக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், கடனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வசதியானவர் வந்தால், தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட முடியாது. சங்கத்தைக் கலைத்தாலும், கடன் போக மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளச் சட்டம் விடாது. அதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்குத்தான் போகும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பை எழுப்பிக் கேட்கும் உரிமை உறுப்பினருக்குத்தான். இருபது வருஷம் மழையில் நனைந்து கைதட்டியவர் உறுப்பினர் பதிவேட்டில் இல்லையென்றால் பொதுக்குழுவில் அவருக்கு வாக்கு இல்லை. உறுப்பினருக்கோ நிறையவே உண்டு. துணைவிதியின் நகல் கேட்கலாம், பைலா என்று கேட்டால்தான் பல இடங்களில் புரியும். வரவு செலவுக் கணக்கைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு நடந்தாக வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது. கணக்கில் சந்தேகம் இருந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்துப் போட்டு 36-வது பிரிவின் கீழ் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். நிலைமை முற்றினால் நிர்வாகக் குழுவை நீக்கித் தனி அலுவலரைப் போட அரசுக்கு அதிகாரம் உண்டு. இங்கிலாந்தின் நிர்வாகிக்குப் பக்கத்தில் வருவது இந்தத் தனி அலுவலர்தான், ஆனால் கடன்காரருக்காகக் கிளப்பை விற்பது அவர் வேலை இல்லை.

நடைமுறையில் சண்டை வேறு இடத்தில் வெடிக்கும். இரண்டு கோஷ்டி இரண்டு பொதுக்குழு நடத்தி, இரண்டு பேருமே புதிய நிர்வாகிகள் பட்டியலைப் படிவம் 7-ல் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யார் உண்மையான குழு என்ற தகராறைப் பதிவாளர் தீர்த்து வைக்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே பல வருஷம் ஓடும். சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்கு உண்டா என்று பைலாவில் தெளிவாக எழுதியிருந்தால் இதில் பாதி வராது.

கிளப் கம்பெனியாக இருந்தால் கதையே வேறு. ஐ-லீக், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போன்ற தேசிய லீக் அளவில் தனியார் கிளப்புகள் இப்படித்தான். 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி, கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆடியபோது மலையிலிருந்தும் ஆட்கள் இறங்கிப் போனார்கள். 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் அதில் 26 சதவீதப் பங்கு எடுத்தது. கைதட்டியவர்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கச் சட்டத்தில் அவசியமும் இல்லை. ஹைதராபாத் எஃப்சி 2025-ல் டெல்லிக்கே போய்ப் பெயரும் மாறியது.

கம்பெனி கடன் கட்டத் தவறினால் இந்தியாவின் 2016-ம் ஆண்டு திவால் சட்டம் வரும். பாக்கி குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்க வேண்டும், மனு போடும் இடம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், நமக்குச் சென்னை அமர்வு. மனு ஏற்கப்பட்டதும் மற்ற வழக்குகள் நின்றுவிடும். 180 நாள், அதிகபட்சம் 330 நாளுக்குள் புதிய ஆள் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் சொத்தை விற்றுக் கலைப்பு. யார் எடுப்பது என்பதில் வாக்கு, பணம் கடனாகக் கொடுத்த வங்கி போன்றவர்களுக்கு. 66 சதவீதம் தேவை. மூன்று லட்சம் சம்பள பாக்கியுள்ள பயிற்சியாளர் தனியாக இந்த வழியில் போக முடியாது. ஆனால் வேறு யாரோ போட்ட மனு ஏற்கப்பட்டுவிட்டால், நாளிதழில் வரும் அறிவிப்பைப் பார்த்துத் தன் பாக்கியைக் கோரலாம். சீசன் பாஸ் வாங்கியவரும் 'பிற கடன்காரர்' என்று படிவம் எஃப்-ல் கோரிக்கை வைக்கலாம். கலைப்பு வந்தால் அவருடைய இடம் வரிசையில் கடைசிப் பக்கம், பங்குதாரருக்குச் சற்று மேலே.

சங்கக் கிளப்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்சிக்கும் பஸ் வாடகைக்கும் வாங்கிய கடன் சீட்டில் சங்கத்தின் பெயரும் முத்திரையும் இருக்கின்றனவா, அல்லது செயலாளர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? சொந்தப் பெயர் என்றால் கடன்காரர் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு அந்தக் கடனைச் சங்கத்தின் கணக்கில் ஏற்றினாலும், கடன் கொடுத்தவர் சம்மதிக்காத வரை செயலாளரின் பொறுப்பு போகாது.