மூன்று நாள் மாத்திரையும் மூன்று மாத டெஸ்ட்டும்

காசிமேட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சுகர் 118. அன்றைக்கே எடுத்த மூன்று மாத டெஸ்ட்டில் 9.2. லேப்பில் ரத்தத்தை மாற்றிவிட்டார்களா?"

மாற்றியிருக்க மாட்டார்கள். தண்டையார்பேட்டையில் என் அத்தை இதே வித்தையைப் பல வருடம் செய்தார். டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னால் மாத்திரை டப்பா அலமாரியிலிருந்து இறங்கும். டீயில் சர்க்கரை நிற்கும், ராத்திரி இரண்டே இட்லி. ரிப்போர்ட் வந்த சாயங்காலமே டப்பா மறுபடி மேலே ஏறிவிடும்.

வெறும் வயிற்றுச் சோதனை அந்த நேரத்து ரத்தத்தை மட்டும் பார்க்கிறது. சில நாள் ஒழுங்காக இருந்தாலே எண் இறங்கும். இது தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதக் கணக்குதான்.

தோசை ஏன் முறுகிச் சிவக்கிறது? மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒட்டிக்கொள்வதால். 1912இல் பிரெஞ்சுக்காரர் மையார் விவரித்த வினை இது. அதன் முதல் படிகள் நம் ரத்தத்திலும், 37 டிகிரியில், சத்தமில்லாமல் நடக்கின்றன. நொதிகூட வேண்டாம். குளுக்கோஸின் வளையம் எப்போதாவது திறக்கும். அப்போது பக்கத்தில் ஹீமோகுளோபின் இருந்தால், அதன் பீட்டா சங்கிலி நுனியிலுள்ள வாலின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தளர்வான பிடிதான், கழன்றும் போகலாம். ஒட்டிய மூலக்கூறுக்குள் அணுக்கள் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தால் பூட்டு விழுந்துவிடும். அப்புறம் கழற்ற முடியாது. இப்படிச் சர்க்கரை பூட்டிய ஹீமோகுளோபின் நூற்றுக்கு எத்தனை என்பதுதான் அந்த மூன்று மாத எண்.

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது; பழைய ஹீமோகுளோபினுக்குப் பதிலாகப் புதிது செய்துகொள்ள முடியாது. ஒட்டியதைச் சுமந்தபடியே சுமார் 120 நாள் ஓடிவிட்டுச் சாகும். நேற்றுப் பிறந்த அணுவும் நான்கு மாதக் கிழமும் கலந்திருப்பதால், அந்த எண்ணில் ஏறக்குறைய பாதி கடைசி ஒரு மாதத்தின் கணக்கு. அதில் மூன்று நாள் எந்த மூலைக்கு? 9.2 என்றால் சராசரி சுகர் 217 வாக்கில் இருந்திருக்கிறது.

நீரிழிவுக்காரர்களிடம் இந்த ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் தெஹ்ரானிலிருந்து எழுதியவர் சாமுவேல் ரஹ்பர். அவர் தேடிக்கொண்டிருந்தது விசித்திரமான ஹீமோகுளோபின் வகைகளை. இன்று அப்படிப்பட்ட தேடலுக்குப் பணம் கேட்டால் கோப்பு எந்த மேசையில் தூங்குமோ!

ஸ்டான்லி மருத்துவமனையில் 1948லேயே சர்க்கரை நோய்க்குத் தனி கிளினிக் தொடங்கிய வட்டாரம் இது. இங்கேயும் 'மாத்திரை கிட்னியைத் தின்னும்' என்ற பேச்சு போகவில்லை. எனக்கு எரிச்சலாக வரும். தின்பது சர்க்கரை. நான்கு மாதத்தில் சாகிற சிவப்பணுவோடு அது நிற்பதில்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் வருடக்கணக்காக இருக்கும் புரதங்களிலும் போய் ஒட்டுகிறது.

சரி, வாசகருக்கு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் மூன்று மாத எண் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். அம்மா விடியற்காலை இரண்டு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போய், பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மருந்துச் சீட்டில் 1-0-1 என்றிருக்கும், அதாவது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அந்த முதல் 1 அவருக்கு இரண்டு மணியா, பத்து மணியா என்று டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நின்றால், கூடையோடு மயங்கி விழ நேரும்.