சிமுரெங்கா: சொல் விளக்கம்

ஜிம்பாப்வேயில் பெரும்பாலோர் பேசும் ஷோனா மொழிச் சொல் இது. கிளர்ச்சி, விடுதலைப் போர் என்று பொருள். அந்தப் போரோடு வளர்ந்த ஓர் இசைவகைக்கும் இதுவே பெயர்.

முரெங்கா என்பவர் ஷோனா மரபுக் கதைகளில் வரும் மூதாதை, போர்வீரர். 'சி' என்ற முன்னொட்டு ஒருவரின் மொழியையோ பாணியையோ குறிக்கும். ஆக, முரெங்காவின் வழி. 1896-97இல், அன்று அந்த நாட்டை ஆண்ட பிரித்தானியத் தென்னாப்பிரிக்கக் கம்பெனியை எதிர்த்து எழுந்தது முதல் சிமுரெங்கா. சிறுபான்மை வெள்ளையர் அரசை எதிர்த்து 1960களில் தொடங்கி 1980 விடுதலையில் முடிந்த கெரில்லாப் போர் இரண்டாவது.

இசைக்கு இந்தப் பெயரை நிலைக்கச் செய்தவர் தாமஸ் மப்ஃபூமோ. 1945இல் பிறந்தவர். தொடக்கத்தில் மேடைகளில் பாடியதெல்லாம் மேற்கத்திய ராக் பாட்டுகள்தான். 1970களில் ஷோனாவுக்குத் திரும்பினார். எம்பிரா என்று ஒரு கருவி உண்டு: மரப்பலகையில் வரிசையாகப் பொருத்திய உலோக நாக்குகளை விரல்களால் மீட்டுவார்கள். மூதாதையரின் ஆவியை அழைக்கும் சடங்குகளில் விடியவிடிய ஒலிப்பது அது. அந்த மெட்டை அவர் குழுவினர் மின்கிட்டாருக்குக் கொண்டுவந்தார்கள். கம்பியை உள்ளங்கையால் லேசாக அமுக்கி, ஓசை நீளாமல் வெட்டிவெட்டி வாசிப்பார்கள். வரிகளில் பழமொழியும் சிலேடையும் இருந்ததால் வெள்ளை அரசுக்கு நேரடியாகக் குற்றம் சாட்ட எதுவும் அகப்படவில்லை. அப்படியும் வழக்கே இல்லாமல் அவரைச் சிறைவைத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகும் அவர் வாய் அடங்கவில்லை. 1989இல் புதிய ஆட்சியின் ஊழலைப் பாடினார். பின்னர் அமெரிக்காவின் ஓரிகனுக்குக் குடிபெயர்ந்தார். அதே காலத்தில், 2000 முதல் வெள்ளையர் பண்ணைகளைக் கைப்பற்றியதை அதிபர் ராபர்ட் முகாபேயின் அரசு 'மூன்றாம் சிமுரெங்கா' என்றது. ஆட்சியும் அதைச் சாடிய பாடகரும் ஒரே சொல்லுக்கு உரிமை கொண்டாடினார்கள்!

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'போராட்டம்' போதாது, சாலை மறியலும் உண்ணாவிரதமும்கூட நமக்குப் போராட்டம்தான். 'கிளர்ச்சி' பொருளளவில் நெருங்கும், ஆனால் செய்திகளில் அது பெரும்பாலும் ஆள்பவர் தரப்புச் சொல். வரலாற்றைப் பேசும்போது 'விடுதலை எழுச்சி' பொருந்தும் என்பேன். இசையைப் பேசும்போது ஜாஸ், ரெகே போல 'சிமுரெங்கா இசை' என்றே விட்டுவிடலாம். 'மூன்றாம் சிமுரெங்கா'வை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அது அரசு தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர்.