முதலில் வால்யூமைச் சமமாக்குங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். போனில் கூப்பிட்டபோதே குரலில் ஒரு தயக்கம். "தம்பி, 85,000 ரூபா குடுத்து டாக் வாங்கினேன். கடையில கேட்டப்போ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினா அந்த சுகம் இல்ல. ஒயரிங்ல ஏதாச்சும் தப்பா இருக்குமா?"

சித்திரையிலிருந்து இப்படிக் கூப்பிட்டவர்களில் இவர் ஐந்தாவது ஆள். வீட்டு ஆடியோ அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஐந்து பேருக்கும் வாயால் சொன்னதை இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன்.

டாக் என்றால் சிடியிலோ கம்ப்யூட்டரிலோ எண்களாக இருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும் மின்சிக்னலாக மாற்றும் பெட்டி. உங்கள் சிடி பிளேயருக்குள்ளும் செல்போனுக்குள்ளும் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. தனிப் பெட்டியாகவும் விற்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயிலிருந்து பல லட்சம் வரை உண்டு.

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "கடையில எப்படிச் சார் ஒப்பிட்டுக் காட்டினாங்க?"

"ரிமோட்ல மாத்தி மாத்திப் போட்டாங்க. முதல்ல சாதாரண சிடி பிளேயர், அப்புறம் இந்த டாக்."

"ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சாங்களா?"

"ஆமாப்பா. ஆம்ப் வால்யூம்ல கையே வைக்கலையே. ரெண்டுக்கும் அதே நம்பர்தான்."

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. அவர் மேல் இல்லை. அந்த நம்பரைக் காட்டியே விற்கிறவர்கள் மேல்.

ஆம்ப்பில் ஒரே நம்பர் இருந்தால் ஒரே சத்தம் என்று அர்த்தமே கிடையாது. குழாயை அதே அளவு திறந்தாலும், மாடியில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தானே தண்ணீர் வரும் வேகம்? சிடி பிளேயர்கள் முழு அளவில் 2 வோல்ட் வெளியிடுவது வெகுநாளைய வழக்கம். இப்போது வரும் டாக்குகளில் பல 2.5 வோல்ட் தருகின்றன. பேலன்ஸ்டு வெளியீடு (ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு ஒயரில் அனுப்பும் இணைப்பு) என்றால் 4 வோல்ட் சர்வ சாதாரணம். 2 வோல்டுக்கும் 2.5 வோல்டுக்கும் நடுவே சத்தத்தில் ஏறத்தாழ 1.9 டெசிபல் வித்தியாசம். 4 வோல்ட் என்றால் 6 டெசிபல்.

"1.9 டெசிபல்தானே, அது காதுக்குத் தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் சத்தம் கூடியிருக்கிறது என்று தெரியாது, தரம் கூடியிருக்கிறது என்று தெரியும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் எல்லாத் தப்பும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பெட்டி 6 டெசிபல் கூடுதலாகப் பாடினால் யாராக இருந்தாலும் "இது சத்தமா இருக்கு" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அரை டெசிபல், ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் என்றால் மனசு அதைச் சத்தமாக எடுத்துக்கொள்வதில்லை. "பாஸ் நிறைவா இருக்கு", "பாடகர் முன்னாடி வந்து நிக்கிறார்", "வீணையோட மீட்டு தெளிவா விழுது", "திரையை விலக்கின மாதிரி இருக்கு" என்றெல்லாம் வார்த்தைகள் வரும். இது பிரமை இல்லை. 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் அளந்து வைத்த விஷயம்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள், அதாவது பாஸ், சரியாகக் கேட்பதில்லை, சத்தம் ஏற ஏற, பாஸ் மற்றவற்றைவிட வேகமாக எழுந்து வரும். அறையின் இரைச்சலுக்கு அடியில் கிடந்த மெல்லிய ஓசைகளும் மேலே வந்துவிடும். ஆகவே கொஞ்சம் சத்தமாகப் பாடுகிற பெட்டிதான் ஜெயிக்கும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் அந்த ஜெயிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. மலிவானதை 1 டெசிபல் ஏற்றி வைத்தால் மலிவானது ஜெயிக்கும். நான் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு அவர் வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நீங்களும் செய்யலாம்.

பழைய சிடி பிளேயரின் சாதாரண வெளியீட்டை ஆம்ப்பின் சிடி இன்புட்டில் மாட்டினேன். அதே பிளேயரின் ஆப்டிகல் வெளியீட்டைப் புது டாக்குக்குக் கொடுத்து, டாக்கை ஆக்ஸ் இன்புட்டில் மாட்டினேன். இப்போது ஒரே சிடி, ஒரே நொடி, இரண்டு பாதை. 100 ஹெர்ட்ஸ் டோன் பதிந்த சிடி எப்போதும் என் பையில் இருக்கும். அதை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தேன். பிளேயருக்கு 1.00 வோல்ட் வரும்படி ஆம்ப் வால்யூமை வைத்துவிட்டு, டாக்குக்கு மாற்றினேன். 1.24 வோல்ட். அவரைக் கூப்பிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

டாக்கிலேயே இருந்த வால்யூமை 2 டெசிபல் இறக்கியதும் 0.985 வந்தது. 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்தால் உத்தமம். இது அதற்குக் கொஞ்சம் மேலே, ஆனால் வீட்டுச் சோதனைக்குத் தாராளமாகப் போதும். காதால் கேட்டு சமம் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், முடியாது. செல்போன் டெசிபல் ஆப்பும் உதவாது. போன் அரை அடி நகர்ந்தாலே எண் மாறிவிடும். இன்னொன்று: 300 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டர் பலவற்றில் ஏசி அளவு 200 வோல்டில்தான் ஆரம்பிக்கும். அதில் 1 வோல்டை அளப்பது மூட்டை தூக்கும் தராசில் மூக்குத்தியை நிறுக்கிற மாதிரி. 2 வோல்ட் ஏசி அளவு இருக்கிற மீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து கண். அவருடைய மகளைக் கூப்பிட்டு ஆம்ப் முன்னால் உட்கார வைத்தேன். முகப்பை ஒரு துண்டால் மூடினோம். கையில் ஒரு 2 ரூபாய் நாணயம். தலை விழுந்தால் டாக், பூ விழுந்தால் பிளேயர். ஒவ்வொரு முறையும் முதலில் டியூனருக்குத் திருப்பிவிட்டு, அப்புறம் வேண்டியதற்கு வரவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ரிலே டிக்கென்று விழும் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எது ஓடுகிறது என்று தெரிந்தவர் முகம் எதிரே இருந்தால் அதைப் படித்தே சொல்லிவிடலாம்.

எது ஓடுகிறது என்று அவர் சொல்ல வேண்டும். 16 முறை. 9 சரி, 7 தப்பு.

கேட்காமலே காசு சுண்டிப் பதில் சொன்னாலும் சராசரியாக 8 சரியாக வரும். 16-க்கு 12 சரியாக வந்தால்தான் "குருட்டாம்போக்கு இல்லை" என்று ஓரளவு நம்பலாம், ஏனென்றால் வெறும் அதிர்ஷ்டத்தில் 12-ஓ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. மூன்று முறை கேட்டு மூன்றும் சரியாகச் சொன்னேன் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது எட்டில் ஒருவருக்குச் சும்மாவே நடக்கும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ கடையில நான் கேட்டது பொய்யா தம்பி?" என்றார். பொய் இல்லை சார், நீங்கள் கேட்ட வித்தியாசம் நிஜம், அது வால்யூம் வித்தியாசம் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். யாருடைய காதையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் 1994-ல் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள், ஒரு முறை மறைத்து, ஒரு முறை காட்டி. அந்த 40 பேரும் ஆடியோ நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். மறைத்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, விலை குறைந்த ஸ்பீக்கர், கண்ணில் பட்டதும் சரிந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கே கதி இதுதான்.

ஹைரெஸ் பற்றியும் கேட்பார்கள். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் 1982-லிருந்து இருப்பது. அதைவிடப் பெரிய எண்கள் கொண்ட பாட்டுதான் ஹைரெஸ். அது கட்டாயம் நன்றாகக் கேட்குமா? பாஸ்டனில் மேயரும் மோரனும் செய்து 2007-ல் வெளியிட்ட சோதனையில், ஹைரெஸ் ஒலியை நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 முறையில் 276 சரி. பாதிகூட இல்லை. 2016-ல் ஜாஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான பதில் 52.3 சதவீதம் வந்தது. கணக்குப்படி அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் வந்தது. இருந்தாலும் "திரையை விலக்கின மாதிரி" என்று சொல்லும் அளவு வித்தியாசம் 52.3-ல் அடங்காது. விலையைப் பார்த்து முடிவு செய்யும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

ஆப்டிகல், எச்டிஎம்ஐ, யூஎஸ்பி கேபிள்கள் பற்றி ஒரே வரி: கெட்டுப்போன கேபிள் விட்டு விட்டுப் பாடும், டப்பென்று வெடிக்கும், இல்லை மௌனமாகிவிடும், பாஸை மட்டும் குறைக்காது.

எல்லா டாக்கும் ஒன்றுதான் என்று நான் சொன்னதாகப் போய்ச் சொல்லாதீர்கள். வித்தியாசம் வரும் இடங்கள் உண்டு. 4 வோல்ட் வெளியீட்டைப் பழைய ஆம்ப்பில் மாட்டினால் சிலவற்றில் இன்புட் தாங்காமல் ஒலி கரகரக்கும். நுண்ணுணர்வு கூடிய இயர்போனில் போனில் செருகும் மட்டமான டாங்கிளின் இரைச்சல் நன்றாகவே கேட்கும். ஹெட்ஃபோன் ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மின்தடை) அதிகமாக இருந்தால் சில ஹெட்ஃபோன்களின் தொனியே மாறும். கம்ப்யூட்டரை மாட்டியதும் "உம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் அது எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் ஒயர்கள் வழியே மின்சாரம் சுற்றுவது. டாக் மட்டமென்று தள்ளிவிடாதீர்கள், ஆப்டிகலில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். தயவுசெய்து ஹம் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். உடைத்துவைத்த ஆம்ப்பின் உடம்பைத் தொட்டு ஷாக் வாங்கியவரை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் பிழைத்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

ஆப்களை ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஸ்பாட்டிஃபை தன் பாட்டுகளை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்குக் கொண்டுவந்து போடும். இன்னொரு ஆப் வேறு அளவில் போடும், அல்லது போடாமலே விடும். இப்படிச் சத்தத்தை மாற்றிப் போடும் நார்மலைசேஷனை இரண்டிலும் அணைக்காமல் ஒப்பிடாதீர்கள். அணைத்த பிறகும் சத்தத்தைச் சமம் செய்யுங்கள். இரண்டிலும் இருப்பது அதே பதிப்பா என்றும் பாருங்கள். பழைய சிடிப் பதிப்பும் பின்னால் வந்த ரீமாஸ்டரும் பெயரளவில்தான் ஒரே பாட்டு. ஒன்றை ப்ளூடூத்திலும் மற்றொன்றை ஒயரிலும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். நேற்று கேட்டதை இன்று கேட்டதோடும் ஒப்பிடாதீர்கள்; நுணுக்கமான தொனி சில நொடிகளுக்கு மேல் நினைவில் நிற்காது. வித்தியாசம் பிடிபடவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை சரி என்று சொல்வது 80 டெசிபலுக்கு. 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்.

சரி, அந்த வீட்டில் கோளாறு எங்கே இருந்தது? ஷோகேஸில். இரண்டு ஸ்பீக்கர்களும் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், பித்தளை விளக்குக்கும் தலையாட்டி பொம்மைக்கும் நடுவே, முதுகு சுவரில் இடிக்கத் திணிக்கப்பட்டிருந்தன. தரை டைல்ஸ், சுவர் வெறும் பெயின்ட், ஜன்னலில் திரை இல்லை. கை தட்டினால் சத்தம் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கடையின் டெமோ அறையில் தரையெல்லாம் கார்ப்பெட், சுவரெல்லாம் பஞ்சு பலகை. அங்கே கண்ணீர் வரவைத்ததில் பாதி அந்த அறை.

ஸ்பீக்கர்களை வெளியே எடுத்து இரண்டு ஸ்டூல்களில் வைத்தோம். சுவரிலிருந்து இரண்டடி. அவர் நாற்காலியும் இரண்டு ஸ்பீக்கரும் முக்கோணமாக. மகள் பரணிலிருந்து கல்யாண ஜமக்காளத்தை இறக்கி முன்னால் விரித்தார். அவரிடம் இருந்த நாகஸ்வர சிடியைப் போட்டேன். முன்பு தவிலின் தொப்பி அடி ஒவ்வொன்றும் "தொம்ம்ம்" என்று நீண்டு அடுத்த அடியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது கழி தோலில் படுகிற இடம் கேட்டது. வலந்தலையில் விரல்கூடு விழுவது தனியாக, வலது ஓரத்தில் கேட்டது. அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அப்போது ஓடியது பழைய சிடி பிளேயர்தான்.

செலவு, என் கூலி போக, ஒன்றுமில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள்: "ரெண்டையும் ஒரே வோல்டுக்கு வச்சுக் காட்டுங்க." செய்தார்கள் என்றால் அப்புறம் துண்டைப் போட்டு மூடச் சொல்லுங்கள். மறுத்தார்கள் என்றால் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள், பணத்தை எடுக்காதீர்கள். பட்ஜெட்டில் முக்கால் பங்கை ஸ்பீக்கருக்கும் அதை வைக்கும் இடத்துக்கும் ஒதுக்குங்கள். அழகுக்காகவோ வசதிக்காகவோ ஒரு டாக் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் இதற்காகத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

அவர் வாசல்வரை வந்து, "அந்தப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார். பில்லை வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கும் கெடு பத்து நாள் முன்னால் முடிந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பில்லையே நீட்டினேன். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். போனில் பேச நான் காசு வாங்குவதில்லை.