அந்தப் புல்வெளி சும்மா கிடக்கல

போன மாசம் ஒரு காலேஜ் பையன் போன் பண்ணான். "சார், ஊட்டிக்கு மேல ஒரு புல்வெளி சும்மா கிடக்கு, நடுவுல ஒரே சேறு, நாங்க ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து 500 மரக்கன்னு வைக்கலாம்னு இருக்கோம், எந்த மரம் நல்லா வரும்?"னு கேட்டான். நல்ல மனசோட கேக்குற பையன்கிட்ட வேண்டாம்பான்னு சொல்ல கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா சொல்லிட்டேன். காரணத்த போன்ல முழுசா சொல்ல முடியல, அதான் எழுதுறேன்.

நான் பாக்குற வேலை பழைய சேத்துல இருந்து மகரந்தம் எடுத்து, அந்தக் காலத்துல மழை எப்படி இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது. நீலகிரி மேல்மலைல ரெண்டு குன்றுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல தண்ணி தேங்கும், அங்க வளர்ற புல்லு செத்தா முழுசா மக்காது, தண்ணிக்குள்ள காத்து போறதில்ல, மலைக் குளிர் வேற, அதனால அப்படியே வருஷா வருஷம் படிஞ்சு படிஞ்சு கரேல்னு வழுவழுன்னு ஒரு மண்ணா ஆயிடும். அதுக்கு பீட்னு பேரு. அரை மீட்டர் நீளக் குழாய கையால அழுத்தி, திருகி, மேல இழுப்போம், அழுகின முட்டை வாசனையோட கருப்பா ஒரு துண்டு வரும், அப்புறம் அதே குழில இன்னும் ஆழமா அடுத்த துண்டு. அடி மட்டத்துல இருந்து எடுத்தத சில நேரம் விரலால பிரிச்சா புல்லோட நார் அப்படியே தெரியும். அது பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி முளைச்ச புல்லு.

லேப்ல ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டரா வெட்டி, ஆசிட்ல மண்ணையெல்லாம் கரைச்சா மகரந்தம் மட்டும் மிஞ்சும், அதோட ஓடு அவ்ளோ கெட்டி. மைக்ராஸ்கோப்ல வச்சா புல் மகரந்தம் ஒத்தை ஓட்டையோட உருண்டையா இருக்கும். மேல் அடுக்குல மட்டும் வேற ஆளுங்க வந்துடுவாங்க: ரெண்டு பக்கமும் காத்துப்பை வச்ச பைன், முக்கோணமா கற்பூர மரம் (யூகலிப்டஸ்தான்), பதினாறு மணி ஒண்ணா ஒட்டிக்கிட்ட சீகை மரம் (வாட்டில்னு சொல்வாங்களே, அது). வெள்ளக்காரன் வந்த பிறகு கொண்டாந்து நட்ட மரங்க எல்லாம். அதுக்குக் கீழ போனா இதுங்க ஒண்ணு கூட இல்ல, புல்லு, சோலைன்னு சொல்ற மலைக்காட்டு மரம், திரும்ப புல்லு.

மகரந்தம் மட்டும் பத்தாது, கார்பனும் பாக்கணும். கரும்பு, சோளம், கேழ்வரகு, வெப்பநாட்டுப் புல்லு இதெல்லாம் கார்பன் 13அ, அதாவது கார்பன்லயே கொஞ்சம் எடை கூடின வகைய, ஒரு அளவுல எடுக்கும், மரம் செடி அதவிட கம்மியா எடுக்கும், செத்த பிறகும் அந்த வித்தியாசம் பீட்ல அப்படியே நிக்கும். 1993ல சுகுமார், ரமேஷ்ங்கற விஞ்ஞானிங்க இன்னும் சிலரோட சேர்ந்து நீலகிரி பீட்ல இத அளந்து நேச்சர் இதழ்ல போட்டாங்க. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, வடக்க எல்லாம் பனி மூடிக் கிடந்தப்போ, இங்க பருவமழை குறைஞ்சு வறட்சி தாங்குற புல்லு பரவியிருந்துச்சு. 10,000 வருஷம் வாக்குல மழை வலுத்து மரம் செடி கை ஓங்குச்சு, அப்புறம் 5,000 வருஷம் வாக்குல மறுபடி வறட்சி. ஒண்ணு சொல்லணும், அந்த 20,000 வருஷத்துக்கு முந்தின பனிக் காலத்துல காத்துல கார்பன் டை ஆக்சைடே கம்மி, 190 பிபிஎம் (பத்து லட்சத்துல 190 பங்கு) வாக்குலதான், அதுவும் அந்தப் புல்லுக்கு சாதகம். மலை உச்சில மரம் மாதிரியே கார்பன் எடுக்குற புல்லும் இருக்கு. அதனாலதான் ஒரே அளவ மட்டும் வச்சு நாங்க பேசறதில்ல.

ஆக அந்தப் புல்வெளி காட்ட அழிச்சதால வந்த வெறும் நிலம் கிடையாது, சோலையும் புல்லுமா மழைக்கேத்த மாதிரி ஏறி இறங்கி பல ஆயிரம் வருஷமா இருக்குற இடம். அங்க போய் கன்னு வச்சா, வேர் பீட்டுக்குள்ள இறங்கும், மண்ணோட வயசையும் நாங்க கார்பன வச்சுதான் கணக்கு போடுறோம், இன்னிக்கி வேரோட கார்பன் பழைய மண்ணுல கலந்து அந்தக் கணக்கே தப்பாயிடும், அது கூட பரவால்ல, மரம் தண்ணிய உறிஞ்சி பள்ளம் காய ஆரம்பிச்சா பீட்டுக்குள்ள காத்து போயிடும், காத்து போனா அத்தன ஆயிரம் வருஷமா மக்காம இருந்தது கொஞ்ச வருஷத்துல மக்கிப் போகும்.

எனக்கு இது ஒரு தடவ நேர்லயே நடந்துருக்கு. ரெண்டு வருஷம் முன்ன துண்டு எடுத்த ஒரு சதுப்புக்கு திரும்பப் போனேன், நடுவுல வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிச்சு கேரட் போட்டிருந்தாங்க. வாய்க்கால் சுவர்ல கருப்பு அடுக்கு வெயில்ல வெடிச்சு கிடந்துச்சு, தொட்டா காப்பித் தூள் மாதிரி உதிருது. எவ்ளோ நேரம் அங்கயே நின்னேன்னு தெரியல. போட்டவரத் தப்பு சொல்ல முடியாது, அவருக்கு அது வெறும் சேறு, யாரும் சொன்னதில்ல. தோடருங்க கோயில் கூரை வேயுற புல்லும் இந்த மாதிரி சதுப்புலதான் வளருது, கோடைல கீழ ஓடைக்கு ஊறி வர்ற தண்ணியும் இங்கேர்ந்துதான்.

அந்தப் பையன்கிட்ட கடைசில என்ன சொன்னேன்னா, நடுறதுக்கு பதிலா புடுங்க வாங்கப்பா. சதுப்பு ஓரமா சீகைக் கன்னு முளைச்சு கிடக்கு, முழங்கால் உயரத்துல இருக்கும்போது மழை பேஞ்ச ஈரத்துல இழுத்தா வேரோட வந்துடும், விட்டா அடுத்த வருஷம் அரிவாள் வேணும். வனத்துறைகிட்ட அனுமதி கேட்டிருக்கோம். 20 பேரோட வர்றேன்னு சொல்லியிருக்கான், கம்பூட்ஸ் மட்டும் மறக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.