கிண்ணத்துக்கு நடுவில் ஏன் குன்று?

ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஸ்டைன்ஹைம் அம் ஆல்புக் என்றொரு கிராமப்புற ஊராட்சி இருக்கிறது. ஹைடன்ஹைம் நகரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் வந்துவிடும். சுற்றிலும் சுவாபியன் ஆல்ப் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அதன் விளிம்பில் நின்று கீழே பார்த்தால், ஸ்டைன்ஹைமும் பக்கத்து ஸோன்ட்ஹைமும் ஒரு வட்டக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பது தெரியும். குறுக்கே சுமார் 3.8 கிலோமீட்டர், ஆழம் ஏறக்குறைய 100 மீட்டர். நட்டநடுவில் 50 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று.

ஆறு அரித்த பள்ளம் என்றால் நீளவாக்கில் போகும், இப்படி வட்டமாக இருக்காது. அதுவும் இந்த மேட்டில் ஆறே அபூர்வம். பெய்கிற மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியிலேயே ஓடிவிடுகிறது. அருகிலுள்ள வென்டால் பள்ளத்தாக்கில் விதவிதமான பாறைகள் நிற்கின்றன, தண்ணீர் மட்டும் இல்லை.

குன்றின் பெயர் குளோஸ்டர்பெர்க், அதாவது மடக்குன்று. இடைக்காலத்தில் அங்கே ஒரு கிறிஸ்தவ மடம் இருந்தது. புவியியலாளர்களைக் குழப்பியது மடமல்ல, அதன் அடியிலிருந்த பாறை. படிவுப் பாறைகளில் பழையது கீழே, புதியது மேலே என்பதுதான் ஒழுங்கு. இங்கேயோ, ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் கிடக்க வேண்டிய பழைய பாறை குன்றின் மேல் தலைநீட்டுகிறது. யார் தூக்கியது?

எரிமலைதான் என்றார்கள் பிராங்கா, ஃபிராஸ் என்ற இரு புவியியலாளர்கள், 1905-இல். எரிமலைக் குழம்பு ஒரு துளிகூடக் கிடைக்கவில்லையே? சரி, இது வெளியே வராத 'மறை எரிமலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! ஆனால் அதே ஆய்வில் விநோதமான கற்களையும் பதிவு செய்தார்கள். கூம்பு வடிவச் சுண்ணாம்புக்கற்கள். நுனியிலிருந்து மெல்லிய வரிகள் குதிரைவால் மயிர்போல விரிந்து இறங்கும். விடை அவர்கள் கையிலேயே இருந்தது. இந்த வரிகள் விழ, நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல 20,000 மடங்குக்குக் குறையாத அழுத்த அலை பாறைக்குள் பாய வேண்டும். எரிமலைக்கு அந்தச் சக்தி கிடையாது. விண்கல்லுக்கு உண்டு.

சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், நூறு மீட்டருக்கு மேல் அகலமான ஒரு விண்கல், நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் இங்கே மோதியது. அந்த அதிர்ச்சியில் பாறை சில நொடிகளுக்குக் குழம்புபோல நடந்துகொள்ளும். தண்ணீர் நிறைந்த டம்ளரில் ஒரு சொட்டு விழுவதைக் கவனித்திருப்பீர்கள்: முதலில் குழி, அப்புறம் குழியின் நடுவிலிருந்து ஒரு சின்னத் தூண் எம்பும். தண்ணீரில் அந்தத் தூண் திரும்ப விழுந்துவிடும். பாறையோ எம்பிய நிலையிலேயே இறுகி நின்றுவிடுகிறது. அப்படி எம்பி நின்றதுதான் மடக்குன்று. சின்னப் பள்ளங்களில் இது நடக்காது. பாறையின் உறுதியே தடுத்துவிடும். மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளம் 1.8 கிலோமீட்டர்தான், அதனால் நடுவில் குன்று இல்லை.

1930-களிலேயே விண்கல் என்று சொன்னவர்கள் உண்டு. பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 24 கிலோமீட்டர் அகல ரீஸ் பள்ளம் விண்கல் மோதியதால் உண்டானது என்று ஷூமேக்கர், சாவோ என்ற இரு புவியியலாளர்கள் 1961-இல் நிறுவிய பிறகுதான் காற்று திசைமாறியது. இரண்டும் ஒரே நாளில் விழுந்த ஜோடி என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஸ்டைன்ஹைம் சுமார் 5 லட்சம் ஆண்டு இளையது என்று 2020-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது பிறகு நடந்த கதை. பள்ளம் ஏரியானது. பல லட்சம் ஆண்டுகள் அதில் நத்தைகள் வாழ்ந்து மடிய, ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்தன. மணலை அள்ளினால் சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளை வெள்ளையாகக் கையோடு வரும். 1862-இல் இங்கே வந்த மாணவர் ஃபிரான்ஸ் ஹில்கன்டார்ஃப் ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். அடியடுக்கில் தட்டையாகச் சுருண்ட ஓடு, மேலே போகப் போகக் கோபுரம்போல உயர்கிறது, வேறு கிளைகளும் பிரிகின்றன. 1866-இல் அதைக் கிளைவிடும் மரமாக வரைந்து வெளியிட்டார். புதைபடிவங்களை வைத்து வரைந்த பரிணாம மரங்களில் இது மிக முந்தையவற்றில் ஒன்று.

டார்வின் அதை விடுவாரா? 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1872 பதிப்பில் ஹில்கன்டார்ஃபின் நத்தைகளைச் சேர்த்துக்கொண்டார். ஊரைத்தான் கோட்டைவிட்டார், அவை கிடைத்த இடம் சுவிட்சர்லாந்து என்று அச்சாகியிருக்கிறது.