சிறப்புப் பொருளாதார மண்டலம்: இதில் சிறப்பு எங்கே?

போன வாரம் பிழைதிருத்த ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. வளரும் நாடுகளைப் பற்றிய அறிக்கை. இரண்டாம் பக்கத்திலேயே இப்படி ஒரு வாக்கியம்: ‘பல நாடுகளில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் செயல்திறன் சிறப்பாக இல்லை.’ சிறப்பே சிறப்பாக இல்லையாம். பேனாவை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மொழிபெயர்த்தவரைத் திட்டிப் பயனில்லை. நாளிதழ்களில் நெடுநாளாகப் புழங்கும் சொல்லைத்தான் அவரும் போட்டிருக்கிறார். கோளாறு சொல்லில் இருக்கிறது.

பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டின் ஒரு பகுதியை வேலி போட்டுப் பிரித்து, சுங்கம், வரி, உரிமம் எல்லாவற்றுக்கும் அங்கே மட்டும் வேறு விதி வைப்பது. அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி 1959-இல் வந்தது முன்னோடி. 1965-இல் குஜராத்தின் காண்ட்லா, மறு ஆண்டு தைவானின் காவ்சியுங். அப்போது வழங்கிய ‘எக்ஸ்போர்ட் ப்ராசஸிங் ஸோன்’ என்ற பெயரை ‘ஏற்றுமதிப் பதப்படுத்தல் வலயம்’ என்று தமிழாக்கினார்கள். மீனைப் பதப்படுத்தலாம், தோலைப் பதப்படுத்தலாம், சட்டையை எப்படிப் பதப்படுத்துவது என்று யாரும் கேட்கவில்லை. 1980-இல் சீனா ஷென்சென் உள்ளிட்ட நான்கு இடங்களை ‘ஸ்பெஷல் எகனாமிக் ஸோன்’ ஆக்கியபின் இந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 2000-இல் கொள்கை, 2005-இல் சட்டம். ‘ஸோன்’ கிரேக்கச் சொல், இடுப்புக் கச்சை என்று பொருள். நம் ‘வலயம்’ என்றால் வளை. அங்கே இடுப்பு, இங்கே கை. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

சிக்கல் ‘ஸ்பெஷல்’ என்ற சொல்லில். அதற்கு இரண்டு முகம். ஸ்பெஷல் தோசை என்றால் மற்ற தோசையைவிட ஒசத்தி. ஸ்பெஷல் தாசில்தார் என்றால் மற்ற தாசில்தாரைவிட ஒசத்தி என்றா பொருள்? அவருக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் நம் அரசு அலுவலகங்களில் அவர் ‘தனி வட்டாட்சியர்’. அழகான தமிழ். பொருளும் பிசகவில்லை. வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட மண்டலங்களுக்கு நிலம் எடுக்க வருகிறவரே ‘நிலம் எடுப்பு தனி வட்டாட்சியர்’தான். ஒரே கோப்பில் ஒரே ஆங்கிலச் சொல் அதிகாரிக்குத் ‘தனி’, மண்டலத்துக்குச் ‘சிறப்பு’.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நண்பர் ஒருவர் அதைக் கையோடு வைத்திருக்கிறார். சிறப்பு என்றால் மேன்மை மட்டுமல்ல, பொதுவுக்கு எதிர்ச்சொல்லும் அதுதான். நூலின் முகவுரைக்குப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என்று இலக்கணத்திலேயே இருக்கிறதே என்பார். சரிதான். ஆனால் அங்கே பொது பக்கத்திலேயே துணைக்கு நிற்கிறது. ‘பொதுப் பொருளாதார மண்டலம்’ என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? துணையில்லாமல் நிற்கும்போது சிறப்பு என்பது பாராட்டாகத்தான் காதில் விழும். விளம்பரத் தட்டியில் அந்தச் சொல்லைப் பார்க்கிறவன் பாயிரத்தை நினைப்பானா?

பாராட்டுக்கு இந்த மண்டலங்கள் தகுதியானவையா என்பதுதான் கேள்வி, அதற்குள் பெயரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ஷென்சென் தகுதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் ஷென்சென் ஆகவில்லை. உலக வங்கி 2017-இல் 22 நாடுகளின் வலயங்களை இரவில் தெரியும் விளக்கொளியைக் கொண்டு அளந்து பார்த்தது. பெரும்பாலானவை தங்கள் நாட்டின் சராசரியைவிட வேகமாக வளரவில்லை. வாரி வழங்கிய வரிச்சலுகைகளும் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. இந்தியாவில் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2014 அறிக்கைப்படி, அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் வேலை தொடங்கியிருந்தது 28,488 ஹெக்டேரில்தான். மீதி நிலம் வெறுமனே கிடந்தது. மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் 2007 மார்ச் 14 அன்று 14 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும் இப்படி ஒரு மண்டலத்துக்கான நிலத்தகராறில்தான். அந்த ஊர்க்காரரிடம் போய்ச் ‘சிறப்பு’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘தனி’ என்று போட்டால் பாராட்டும் இல்லை, பழிப்பும் இல்லை. சட்டம் சொல்வதும் அப்படியே வந்துவிடுகிறது. இந்தியச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, அனுமதித்த தொழிலுக்கு அந்த இடத்தை நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொள்கிறது. வேலிக்குள் செய்த பொருளை எதிர்த் தெருவில் விற்றாலும் கணக்குக்கு அது இறக்குமதி, சுங்கம் கட்டியாக வேண்டும். இதைவிடத் தனி எது?

‘மண்டலம்’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சோழமண்டலம், கொங்கு மண்டலம் என்று நாடளவு நிலத்தைச் சொன்ன சொல்லை ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு வைப்பது சங்கடமாக இருக்கிறது. வலயம் போதும். இரண்டும் வடசொல்தானே என்று தூய தமிழ்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பொருளாதாரத்தில் இருக்கும் ‘ஆதாரம்’ மட்டும் எங்கிருந்து வந்ததாம்? எனக்குத் தெளிவு முக்கியம்.

இலங்கையில் வலயம் என்றுதான் எழுதுகிறார்கள், அதில் அவர்கள் நம்மைவிடத் தேவலை. ஆனால் முன்னால் ஒட்டிய சொல் நம்முடையதைவிட மோசம்: ‘சுதந்திர வர்த்தக வலயம்’. 1978-இல் கட்டுநாயக்கவில் தொடங்கியது. ஆங்கில ‘ஃப்ரீ’ இங்கே விடுதலை அல்ல, சுங்க விலக்கு. அந்தப் பெயரைத் தாங்கிய தொழிற்சாலைகளில் ஊரை விட்டு வந்த இளம்பெண்கள் விடுதி அறைகளில் நெருக்கியடித்துத் தங்கித் தைத்தார்கள். தொழிற்சங்கம் அமைப்பது நடைமுறையில் குதிரைக்கொம்பாக இருந்தது. 2011 மே மாதம் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி இறந்தார். சுதந்திரம் சரக்குக்குத்தான் என்று பெயரிலேயே சொல்லியிருக்கலாம். சுங்க விலக்கைச் சொல்ல நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? வரி விலக்கிய நிலத்தைக் கல்வெட்டு ‘இறையிலி’ என்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கே ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம். சுங்கமில்லா வலயம் என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

அந்த வாக்கியத்தில் வந்த ‘செயல்திறன்’ தனி வயிற்றெரிச்சல். இயந்திரத்துக்குச் செயல்திறன் உண்டு, ஆளுக்கும் உண்டு. ஒரு திட்டம் என்ன தந்தது என்று கேட்கும் இடத்தில் பலன், விளைவு என்ற சொற்கள் சும்மாதான் உட்கார்ந்திருக்கின்றன. தாம்பரத்துக்காரர்கள் புத்திசாலிகள். இந்தப் பெயர் வம்பே வேண்டாமென்று, தங்கள் ஊர் ஏற்றுமதி வலயத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து ‘மெப்ஸ் ஸ்டாப்பிங்’ என்று சொல்லி பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறார்கள்.

டீக்கு அப்புறம் அந்த வாக்கியத்தை ‘பல நாடுகளில் தனிப் பொருளாதார வலயங்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை’ என்று மாற்றி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: ‘பலன் நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறோம். தனி மட்டும் வேண்டாம் சார், எல்லாரும் சிறப்பு என்றுதானே எழுதுகிறார்கள்?’