பால் கொடுக்கும் தாயின் உடலில் நடப்பவை

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற பெண்ணிடம் எல்லாரும் முதலில் கேட்பது, பால் குழந்தைக்குப் போதுகிறதா என்பதைத்தான். கொடுப்பவளின் உடலுக்கு அந்தப் பால் என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

குழந்தை காம்பைச் சப்பத் தொடங்கியதும் அந்தத் தொடுகை நரம்புகள் வழியே மூளைக்குச் செல்ல, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. மார்பில் பாலை வெளியே தள்ளும் அதே ஆக்சிடோசின் கருப்பையின் தசைகளையும் இறுக்குகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து நிற்கும் இரத்தக் குழாய்கள் அந்தத் தசை இழைகளின் ஊடே செல்வதால், தசை சுருங்கும்போது சுருக்குப் பையின் வாய்போல் அவை இறுகி மூடிக்கொள்கின்றன. பிரசவம் முடிந்தவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. முதல் சில நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் வரும் வலி, குறிப்பாக இரண்டாவது, மூன்றாவது பேறுக்குப் பின் கூடுதலாக வரும் வலி, இந்தச் சுருக்கத்தின் அடையாளம்தான். ஆனால் பிரசவ அறையில் இரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஊசிக்கு இது மாற்றாகாது.

இரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்களுக்கு இதைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது மாதவிடாய் தள்ளிப்போவது. குழந்தை அடிக்கடி பால் குடிக்கும்போது, கருமுட்டை வளரத் தூண்டும் சமிக்ஞைகளை மூளை அடக்கி வைக்கிறது; பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருப்பதால், இரவுப் பாலை நிறுத்தாமல் இருப்பதற்கும் இதில் பங்குண்டு. ஒரு மாத உதிரப்போக்கில் சுமார் 15 மில்லிகிராம் இரும்புச்சத்து வெளியேறலாம். ஒரு மாதப் பாலில் போவது அதைவிடக் குறைவு. ஆகவே பேறுகாலத்தில் இழந்ததை மீட்டெடுக்க உடலுக்கு அவகாசம் கிடைக்கிறது. மாதவிடாய் திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வந்தால், கருத்தரிப்பைத் தடுப்பதில் இம்முறை 98 விழுக்காடு பலனளிக்கிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு வழியை நாட வேண்டும்.

மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான முடிவு, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் சுமார் 4.3 விழுக்காடு குறைவதாகக் காட்டியது. சூலகப் புற்றுநோய், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றின் அபாயமும் பால் கொடுத்தவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பிலிருந்து சிறிதளவு கால்சியம் எடுக்கப்படுவது உண்மை. பால் மறக்கடித்த பின் பெரும்பாலும் அது திரும்பிவிடுகிறது. உடல் எடை குறையும் என்ற பேச்சைத்தான் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது பெண்ணுக்குப் பெண் மிகவும் மாறுபடுகிறது. பச்சை உடம்புக்காரி எடையைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது தவறு.

இந்தப் பலன்கள் எல்லாம் குழந்தை எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு காலம் குடிக்கிறது என்பதைச் சார்ந்தவை என்பதால், பேறுகால விடுப்பு முடிந்து கொழுந்து பறிக்கத் திரும்பும் நாள்தான் சிக்கலான கட்டம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நாளில் பால் கொடுக்க இரண்டு இடைவேளைகளைச் சட்டம் தருகிறது. குழந்தைகள் காப்பகம் ஒரு மேட்டிலும் பறிக்கும் காடு எதிர்ச்சரிவிலும் இருந்தால் அந்த இடைவேளை நடையிலேயே கரைந்துபோகும். மணிக்கணக்கில் பால் கட்டி நின்றால் வலி ஒருபுறமிருக்க, மார்பு நிறைந்திருப்பதே சுரப்பைக் குறைக்கும் கட்டளையாகிவிடுகிறது. அத்தகைய நாளில் கையைக் கழுவிவிட்டுச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். 25 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் போகாத இடத்தில் அது நான்கு மணி நேரம் கெடாது, நீலகிரியின் பெரும்பாலான நாட்களில் நிழலான அறையே அதற்குப் போதும்.